காஸ்க் ஏல்: புதுசா குடிச்சுப் பாக்குறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து வந்து இறங்கின நம்ம ஆளுங்க மொத தடவை பப்புக்குள்ள போனா கவுண்டர்ல ரெண்டு விதமா குழாய் நிக்கும். ஒண்ணு பளபளன்னு லைட்டு எரிஞ்சுகிட்டு, மேல பனி படிஞ்சு, டிவில பாத்த பேரு ஒட்டியிருக்கும். இன்னொண்ணு நெட்டையா, மரத்துலயோ பீங்கான்லயோ கைப்பிடி வச்சு, முன்னாடி ஒரு அட்டையில கேள்விப்படாத பேரு எழுதியிருக்கும். தெரிஞ்சதே போதும்னு லைட்டு எரியுறத கை காட்டிட்டு ஒதுங்கிடுவோம். நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன், அந்த ரெண்டு வருஷத்த நெனச்சா இப்பவும் மனசு அடிச்சுக்குது. அந்த நெட்டைக் கைப்பிடியில வர்றதுதான் காஸ்க் ஏல், காஸ்க்னா பீப்பாய், ஏல்னா ஒரு வகை பீர், இந்த நாட்டோட சொந்தச் சரக்கு, வேற எங்கயும் இந்த அளவுக்கு இந்த முறையில பீர் ஊத்துறது கிடையாது. அத எப்படி ஆரம்பிக்கிறது, எங்க போறது, என்ன கேக்குறது, நல்லா இல்லன்னா எப்படித் திருப்பிக் குடுக்குறதுன்னு எனக்குத் தெரிஞ்சத வரிசையா சொல்றேன்.

மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க: உள்ள உயிர் இருக்கு

சாதா பீர், அதாவது கெக் பீர், ஃபேக்டரிலயே முடிஞ்சு போன பொருள். பெரும்பாலும் வடிகட்டி, சூடு காட்டி, புளிக்க வைக்கிற ஈஸ்ட்டக் கொன்னு, கேஸ் ஏத்தி அனுப்புவாங்க, எங்க குடிச்சாலும் ஒரே மாதிரி இருக்கும். காஸ்க் ஏல் அப்படி இல்ல. ஈஸ்ட் உயிரோட இருக்கும்போதே, கொஞ்சம் சக்கரை மிச்சம் இருக்கும்போதே பீப்பாய்ல அடைச்சுடுவாங்க, அதுக்குள்ளயே ரெண்டாவது தடவை புளிக்கும், அதுல வர்ற கேஸ்தான் அந்த பீரோட கேஸ். வெளிய இருந்து கேஸ் அழுத்தி ஊத்த மாட்டாங்க, கையால பம்ப் அடிச்சு மேல இழுப்பாங்க. அந்தக் கை பம்புக்கு 1797ல ஜோசஃப் பிராமான்னு ஒருத்தர் பேட்டன்ட் வாங்கியிருக்கார், அடிப்படை வேலை இன்னிக்கும் அதேதான்.

தோசை மாவு மாதிரிதாங்க இது. ஒரே உரல்ல ஆட்டி ரெண்டு வீட்டுக்குக் குடுத்தாலும் காலைல ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு வீட்டு அடுக்களை சூடு, இன்னொரு வீட்டுல ராத்திரி எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சிருப்பாங்க. அதனால காஸ்க் ஏல்ல பாதி வேலை ப்ரூவரில, மீதிப் பாதி பப்போட செல்லார்ல, அதாவது கீழ இருக்கிற நிலவறையில. நான் கீழ சொல்லப் போற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

இன்னொண்ணு, "இங்கிலீஷ்காரன் பீரு வெதுவெதுன்னு இருக்கும்"னு யாராவது சொல்லியிருப்பாங்க. தப்பு. சரியா வச்சிருந்தா 11ல இருந்து 13 டிகிரி இருக்கணும். நாக்கு மரத்துப் போற ஐஸ் குளிர்ச்சி இல்ல, வெயில்ல வந்து பானைத் தண்ணி குடிச்சா தொண்டையில இறங்குமே, அதையும் விடக் கொஞ்சம் தூக்கலான குளிர்ச்சி. நாலு டிகிரில குடிச்சா மால்ட்டோட, அதாவது முளை கட்டிக் காய வச்ச பார்லியோட, வாசனையே வராது.

ஒரே ஒரு சின்ன ப்ரூவரியப் பிடிச்சுக்கோங்க

புதுசா வர்றவங்க பண்ற தப்பு, போற எடத்துல எல்லாம் வேற வேற பேரு குடிக்கிறது. அப்படிக் குடிச்சா ஒண்ணுமே பிடிபடாது, நல்லா இல்லாதது பீரா, பப்பா, நம்ம நாக்கான்னே தெரியாது. நான் சொல்றது ஒரு ப்ரூவரி, அதுல ஒரு பீர், அத மூணு நாலு பப்புல குடிங்க. நான் கத்துக்கிட்டது ஹுக் நார்ட்டன்ல, அதனால அத வச்சே சொல்றேன், உங்க ஊர் பக்கத்துல வேற நல்ல ப்ரூவரி இருந்தா அத வச்சுக்கோங்க. சசெக்ஸ் பக்கம்னா லூயிஸ் ஊர்ல ஹார்வீஸ் இருக்கு, யார்க்‌ஷயர்னா கீத்லில டிமோதி டெய்லர், லிங்கன்ஷயர்ல பேட்மன்ஸ்.

ஹுக் நார்ட்டன்ங்கிறது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல ஒரு கிராமம், சுத்துவட்டாரத்துல செல்லமா "ஹுக்கி"ம்பாங்க, பீருக்கும் அதே பேருதான். 1849ல ஜான் ஹாரிஸ்னு ஒரு விவசாயி மால்ட் போடுற கொட்டகையோட இருந்த ஒரு பண்ணைய வாங்குறார், அதுல இருந்து ஆரம்பிச்சது. கொஞ்ச நாள் கழிச்சு பான்பரிக்கும் செல்டன்ஹமுக்கும் நடுவுல ரயில் பாதை போட கூட்டம் கூட்டமா வேலையாளுங்க வந்து இறங்குனாங்க, மண்ணு வெட்டுற ஆளுங்களுக்கு சாயங்காலம் ஆனா தாகம், வியாபாரம் ஏறிடுச்சு. 1887ல அந்த லைன் ஓட ஆரம்பிச்சது, அப்புறம் மூடியும் போச்சு, பாலத்தோட கல்லு தூணுங்க மட்டும் இன்னும் பள்ளத்தாக்குல நிக்குது. ப்ரூவரி போயிட்டு நேரம் இருந்தா நடந்து போய்ப் பாருங்க, அந்த உயரத்தப் பாத்தா எத்தன கைகள் வேலை செஞ்சிருக்கும்னு புரியும்.

இப்ப இருக்கிற கட்டடம் 1899, 1900 வாக்குல எழும்பினது. வில்லியம் பிராட்ஃபோர்ட்னு ப்ரூவரிக்குன்னே கட்டடம் வரைஞ்ச ஆர்க்கிடெக்ட், லூயிஸ்ல ஹார்வீஸ் கோபுரமும் அவரோடதுதான். தூரத்துல இருந்து பாத்தா மரமும் செங்கல்லும் இரும்புமா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச பொம்மை வீடு மாதிரி இருக்கும். அழகுக்காகக் கட்டினது இல்லங்க அது. பேரு டவர் ப்ரூவரி. மால்ட்டையும் தண்ணியையும் மேல் மாடிக்கு ஏத்திட்டா போதும், அப்புறம் ஒவ்வொரு வேலை முடிய முடிய தன்னால கீழ் மாடிக்கு இறங்கி வந்துடும், பூமி இழுக்கிற இழுப்புதான் பம்பு. மேல அரைச்ச மால்ட்டு கீழ மாஷ் டன்ங்கிற தொட்டில வெந்நில ஊறும், ஊறி வர்ற தித்திப்பான சாறுக்கு வோர்ட்னு பேரு, அது காப்பர்ங்கிற பெரிய அண்டாவுல ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூவோட கொதிக்கும், ஆறினதும் ஈஸ்ட் போட்டு நொதிக்க விடுவாங்க.

தரைத் தளத்துல ஒரு நீராவி இஞ்சின் இருக்கு, பர்ட்டன்ல இருந்த பக்ஸ்டன் அண்ட் தார்ன்லி கம்பெனி செஞ்சது, 1899, 25 குதிரைசக்தி. இந்த நூற்றாண்டு பொறந்த பிறகும் பெல்ட்டும் சக்கரமுமா அந்தக் கட்டடத்த அதுதான் ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்பவும் சில நாள்ல ஓட விட்டுக் காட்டுவாங்க, போறதுக்கு முன்னாடி போன் பண்ணி எந்த நாள்னு கேட்டுக்கோங்க, டூர் டிக்கெட்டும் முன்னாடியே எடுத்துடுங்க.

டூர்ல போனா ரெண்டு எடத்துல நின்னு நிதானமாப் பாருங்க, மத்தத வேகமாக் கடந்து போனாலும் பரவால்ல. ஒண்ணு மால்ட்டு எடம். கையில நாலு மால்ட்டு தானியம் குடுப்பாங்க, வாயில போட்டு மெல்லுங்க. மொதல்ல பொரிகடலை மாதிரி மொறுமொறுன்னு உடையும், அப்புறம் மெல்ல மெல்ல தித்திப்பு ஊறும், கடைசில பிஸ்கட் வாசனை. வெளிர் மால்ட்டும் கருக வறுத்த மால்ட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சிருப்பாங்க, ரெண்டையும் மெல்லுங்க, வறுத்தது காப்பிக்கொட்டையக் கடிச்ச மாதிரி இருக்கும். நாளைக்கு பப்புல கறுப்பு பீர் குடிக்கும்போது இந்த நாக்கு ஞாபகம் வச்சிருக்கும். ரெண்டாவது ஹாப்ஸ். காஞ்ச பூ, உள்ளங்கையில வச்சுக் கசக்கி மூக்குகிட்ட கொண்டு போங்க. இங்கிலீஷ் ஹாப்ஸ்ல ஃபக்கிள், கோல்டிங்ஸ்னு ரெண்டு பழைய ரகம், அமெரிக்கன் ஹாப்ஸ் மாதிரி மாம்பழம், எலுமிச்சைன்னு மூக்கத் துளைக்காது, ஈர மண்ணு, காஞ்ச புல்லு, லேசா மெளகு, கொஞ்சம் தேன். கையில மஞ்சளா பிசுபிசுன்னு ஒட்டும், சாயங்காலம் வரைக்கும் போகாது, கழுவாதீங்க, பஸ்ல வரும்போது திரும்பத் திரும்ப மோந்து பாத்துக்கிட்டே வரலாம்.

ஷையர் குதிரைங்களும் உண்டு, ஆள் உயரத்துக்கு நிக்கும், பக்கத்து பப்புகளுக்கு இன்னும் வண்டில பீப்பாய் இழுத்துட்டுப் போகும்.

பீப்பாய் பப்புக்கு வந்த பிறகு என்ன நடக்குது

இத நேர்ல பாக்குற வாய்ப்பு ஒரு தடவை கெடைச்சது. நான் அடிக்கடி போற ஒரு பப்புல ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம், கூட்டம் இல்ல, செல்லார் பாக்கலாமான்னு கேட்டேன், லேண்ட்லார்ட், அதாவது பப்ப நடத்துறவர், சந்தோஷமா கூட்டிட்டுப் போனார். செங்குத்தா ஏழெட்டு படி, கீழ ஜில்லுன்னு ஈரக் காத்து. கட்டைகளுக்கு மேல பீப்பாய்ங்க படுத்துக் கெடந்துச்சு, அந்த மேடைக்கு ஸ்டில்லேஜ்னு பேரு, உருளாம இருக்க ரெண்டு பக்கமும் ஆப்பு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஓட்டை. வயித்துப் பக்கம் மேல இருக்கிறதுக்கு ஷைவ்னு மரமோ பிளாஸ்டிக்கோ அடைப்பு, முகத்துல கீழ இருக்கிறதுக்கு கீஸ்டோன்.

அவர் ஒரு சின்ன மூங்கில் குச்சி எடுத்தார், சுண்டுவிரல் நீளம் கூட இல்ல, ஷைவ் நடுவுல வச்சு ரப்பர் சுத்தியால ஒரே தட்டு. புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அப்புறம் அந்தக் குச்சியச் சுத்தி வெள்ளையா நுரை பொங்கி வழிய ஆரம்பிச்சது, பால் பொங்குற மாதிரி இல்ல, மெதுவா, மூச்சு விடுற மாதிரி. அவர் துணியால தொடச்சார், மறுபடி பொங்குச்சு, மறுபடி தொடச்சார். அதுக்கு சாஃப்ட் ஸ்பைல்னு பேரு, அதிகமா இருக்கிற கேஸ் அது வழியா வெளிய போகும். நுரை அடங்குனதும் அத எடுத்துட்டு கெட்டி மரத்துல ஹார்டு ஸ்பைல்னு ஒண்ணு அடிச்சு மூடுவாங்க, இருக்கிற கேஸ் உள்ளயே நிக்கும். ஒரு நாளாவது அசைக்காம விட்டா ஈஸ்ட் எல்லாம் கீழ வண்டலா படியும், பீர் கண்ணாடி மாதிரி தெளிஞ்சு வரும். அவசரப்பட்டு சீக்கிரமே ஊத்துனா கலங்கல், நுரை, பச்சை வாசனை.

"இத யாரும் பாக்குறதில்ல, ஆனா இத செய்யலன்னா மேல நான் விக்கிறது வெறும் தண்ணி"ன்னு சொன்னார். அன்னிக்கு மேல வந்து குடிச்ச ஹுக்கி எனக்கு வேற ருசியா இருந்துச்சு.

பப்ப எப்படித் தேர்ந்தெடுக்கிறது

இதுதான் எல்லாத்தவிட முக்கியம், நல்லாக் கேளுங்க. பீப்பாய்ல இருந்து பீர் எறங்க எறங்க அந்த எடத்துல காத்து உள்ள போகும். காத்து பட்ட பீர் மூணு நாளுக்குள்ள தீரணும், அதுக்கு மேல உப்பு சப்பு இல்லாமப் போயிடும், அப்புறம் புளிச்சுடும். பப்புல அதிகமா வாங்குற சைஸ் ஃபிர்கின், 9 கேலன், 72 பைன்ட், நம்ம கணக்குக்கு கிட்டத்தட்ட 41 லிட்டர். அப்ப ஒரு நாளைக்கு 24 பைன்ட் போகணும், அதுவும் ஒரே ஒரு கைப்பிடில. எட்டு கைப்பிடி வரிசையா வச்சிருக்காங்க, உள்ள நாலே பேரு உக்காந்திருக்காங்கன்னா, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. ரெண்டு கைப்பிடி மட்டும் வச்சுகிட்டு உள்ளூர்காரங்க நெறைய வர்ற பப்புதான் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது. நெறைய சாய்ஸ் இருந்தா நல்ல பப்புன்னு நெனைக்காதீங்க.

வேற அடையாளமும் இருக்கு. வாசல்ல காஸ்க் மார்க்னு ஒரு பலகை மாட்டியிருந்தா, வெளிய இருந்து ஆள் வந்து பீரோட சூடு, தோற்றம், வாசனை, ருசி பாத்து பாஸ் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் காம்ரான்னு ஒரு சங்கம், 1971ல நாலு நண்பர்கள் அயர்லாந்துக்கு லீவுக்குப் போன எடத்துல ஆரம்பிச்சது, அந்தக் காலத்துல பெரிய கம்பெனிங்க எல்லாம் கெக் பீரத் திணிச்சு பீப்பாய ஒழிச்சுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க, இவங்க எதுத்து நின்னாங்க, "ரியல் ஏல்"ங்கிற பேர ஊர் வாய்ல ஏத்துனதும் இவங்கதான். அவங்க வருஷா வருஷம் போடுற நல்ல பப்பு லிஸ்ட்டு நம்பலாம், ஊருக்கு ஊர் உறுப்பினருங்க நேர்ல போய்க் குடிச்சுப் பாத்து எழுதுறது.

போற நாளும் நேரமும் கூடப் பாருங்க. வெள்ளி, சனி சாயங்காலம் பீப்பாய் வேகமா ஓடும், அதனால புதுசா இருக்கும். திங்கக்கிழமை மத்தியானம் போனா வார இறுதில தொறந்து மிச்சமிருக்கிற பீப்பாய்ல அடிமட்டம் உங்க கிளாஸ்ல வர வாய்ப்பு இருக்கு.

கவுண்டர்ல

டேபிள்ல போய் உக்காந்துகிட்டு ஆள் வருவாங்கன்னு காத்திருக்காதீங்க, நேரா கவுண்டருக்குப் போகணும். யாரு மொதல்ல வந்தாங்கன்னு உள்ள நிக்கிறவங்க கணக்கு வச்சிருப்பாங்க, கை ஆட்டக் கூடாது, காச நீட்டிக் காட்டக் கூடாது, கண்ண மட்டும் பாத்தா போதும். உங்களுக்கு முன்னாடி வந்தவர விட்டுட்டு உங்கள கேட்டா "அவர் மொதல்ல"ன்னு சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தைல நீங்க அந்த பப்புக்காரர் ஆயிடுவீங்க.

கைப்பிடில மாட்டியிருக்கிற அட்டைக்கு பம்ப் கிளிப்னு பேரு. பீர் பேரு, ப்ரூவரி பேரு, எத்தன சதவீதம் ஆல்கஹால்னு மூணும் அதுல இருக்கும். அட்டை திருப்பி மாட்டி முதுகு தெரிஞ்சா அது தீந்துபோச்சு, இல்லன்னா இன்னும் தெளியல, அதக் கேக்க வேண்டாம். ஹுக்கி 3.5 சதவீதம், ஓல்ட் ஹுக்கி 4.6. மொத தடவைன்னா 4க்குக் கீழ இருக்கிற பிட்டர்ல ஆரம்பிங்க. பிட்டர்னா கசப்புன்னு பயப்படாதீங்க, பாவக்காய்க் கசப்பு இல்ல, டிகாக்‌ஷன் தூக்கலா போட்ட காப்பியோட கசப்பு, அதுவும் கடைசிலதான் வரும். மைல்ட்னா இன்னும் லேசு, பெரும்பாலும் கறுப்பா இருக்கும், கருப்பட்டி சாயல். கோல்டன் ஏல் வெளிரா, பழவாசனையா இருக்கும், லேகர், அதாவது நம்ம ஊர்ல சாதாரணமா கெடைக்கிற வெளிர் பீர், குடிச்சுப் பழகினவங்களுக்கு அது சுலபமான வாசல். போர்ட்டர், ஸ்டவுட் ரெண்டும் வறுத்த மால்ட்டுல செய்யுற கறுப்பு பீர், குளிர் காலத்துக்கு எடுத்து வைங்க.

ஒரு வாய் ருசி பாக்கலாமான்னு தாராளமாக் கேளுங்க, நல்ல பப்புல சின்ன கிளாஸ்ல ஊத்திக் குடுப்பாங்க, காசு கிடையாது. ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி பின்னாடி இருபது பேர் நிக்கும்போது அஞ்சு பீர் ருசி கேக்காதீங்க. அப்புறம் பைன்ட் வாங்கணும்னு கட்டாயமே இல்ல. பைன்ட் 568 மில்லி, பாதி வாங்கலாம், மூணுல ஒரு பங்கு, மூணுல ரெண்டு பங்குன்னும் சட்டப்படி அளவு உண்டு. பாதி வாங்குறது கௌரவக் குறைச்சல்னு நம்ம பசங்க நடுவுல ஒரு நெனப்பு இருக்கு, விட்டுடுங்க, மூணு பீர ஒப்பிட்டுப் பாக்க மூணு பாதிதான் புத்திசாலித்தனம்.

ஊத்தும்போது கவனிங்க. சாதாரணமா ஒரு இழுப்புல பாதி பைன்ட் வரும், ரெண்டு இழுப்பு, அப்புறம் ஒரு சின்ன இழுப்பு. வடக்க போனா குழாய் நுனில ஸ்பார்க்ளர்னு ஓட்டை போட்ட மூடி மாட்டியிருப்பாங்க, அது வழியா வந்தா க்ரீம் மாதிரி கெட்டி நுரை நிக்கும். தெக்க பெரும்பாலும் மாட்ட மாட்டாங்க, நுரை கம்மியா இருக்கும். எது சரின்னு இங்க ரெண்டு பக்கமும் ரொம்ப காலமா சண்டை, எனக்கு ஹுக்கி ஸ்பார்க்ளர் இல்லாமதான் பிடிக்கும், ஹாப்ஸ் வாசனை நேரா வருது. நுரைதான் ரொம்ப இருக்கு, பீர் கம்மின்னு தோணுச்சுன்னா "கொஞ்சம் ஊத்திக் குடுங்க"ன்னு கேக்கலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கண்ணு, மூக்கு, நாக்கு

இந்த வரிசைலதான் போகணும். வெளிச்சத்துக்கு நேரா கிளாஸத் தூக்கிப் பாருங்க, பின்னாடி வச்ச விரல் தெளிவாத் தெரியணும். சில பீர வேணும்னே கலங்கலா விடுவாங்க, அப்படின்னா அட்டையிலயோ பக்கத்துல சிலேட்லயோ எழுதியிருப்பாங்க. அடுத்து மூக்கு, குடிக்கிறதுக்கு முன்னாடி. ரொட்டி, பிஸ்கட், புல்லு, பழம், இதெல்லாம் வந்தா நல்லது. வினிகர் நெடி, நனைஞ்ச அட்டப்பெட்டி வாசம், வெண்ணெய் உருக்கின மாதிரி கனமான வாசம் வந்தா சந்தேகப்படுங்க. பர்ட்டன் ஊர் பீர்ல மட்டும் லேசா தீக்குச்சி கந்தக வாசம் வரும், அது அங்க இருக்கிற தண்ணில ஜிப்சம் இருக்கிறதால, பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஒரு பெரிய மடக்கு, சிப்பு சிப்பா வேண்டாம். நாக்கு முழுக்கப் பரவணும். லேசா சுர்ருன்னு ஒரு உயிர் இருக்கணும், சோடா மாதிரி குத்தக் கூடாது, ஆறிப்போன டீ மாதிரி சவசவன்னும் இருக்கக் கூடாது. முழுங்கின பிறகு ஒரு பத்து செகண்ட் சும்மா இருங்க. நல்ல பிட்டர்ல மொதல்ல தித்திப்பு, அப்புறம் கசப்பு, அப்புறம் நாக்கு வறண்டு அடுத்த மடக்கு கேக்கும். கிளாஸ்ல ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையமா நுரை ஒட்டிகிட்டே கீழ எறங்கும், அப்படி ஒட்டுச்சுன்னா கிளாஸ் சுத்தமா கழுவியிருக்காங்க, பீரும் நல்லா இருக்கு.

கெட்டுப் போயிருந்தா

போன வருஷம் ஒரு ஊர்ல, பேரு வேண்டாம், மொத மடக்குலயே வினிகர். திருப்பிக் குடுத்தேன், அங்க நின்ன பையன் "ஏல்னா இப்படித்தான் இருக்கும், உங்களுக்குப் பழக்கமில்ல"ன்னான். நம்ம முகத்தப் பாத்து இப்படிச் சொன்னா கோவம் வரத்தான் செய்யும், நியாயமான கோவம்தான். நான் குரல் ஒசத்தல, "மோந்து பாருங்க"ன்னு கிளாஸ அவன் முன்னாடி வச்சேன். பக்கத்துல நின்ன வயசான உள்ளூர்காரர் எடுத்து மோந்துட்டு தலைய ஆட்டினார், உடனே வேற பீர் வந்துச்சு.

இப்படி நடக்கிறது அபூர்வம். பெரும்பாலும் நீங்க கேட்டதும் மன்னிப்புக் கேட்டு மாத்திடுவாங்க, ஏன்னா அந்த பீப்பாய் கெட்டுப்போனது அவங்களுக்கே அப்பதான் தெரியும். ரெண்டே விதி: கால்வாசிக்கு மேல குடிச்சுட்டுத் திருப்பிக் குடுக்காதீங்க, எனக்குப் பிடிக்கலங்கிறதுக்காகவும் திருப்பாதீங்க. பிடிக்காததும் கெட்டதும் வேற வேற.

சைவமா இருக்கிறவங்க கட்டாயம் படிங்க

இத யாரும் நம்மகிட்ட சொல்றதே இல்ல, அதனால அழுத்திச் சொல்றேன். பீப்பாய்ல ஈஸ்ட் சீக்கிரம் படியறதுக்காக ஐசிங்கிளாஸ்னு ஒண்ணு சேப்பாங்க, அது மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கிற பொருள், இப்படித் தெளிய வைக்கிற பொருளுங்களுக்கு ஃபைனிங்ஸ்னு பேரு. வண்டலோட வண்டலா கீழ போயிடும், கிளாஸ்ல வர்றது ரொம்ப ரொம்பக் கம்மி, ஆனா சேத்தது சேத்ததுதான். மீன் அலர்ஜி லேபிள்ல இதச் சொல்லணும்னு சட்டமும் இல்ல, விதிவிலக்கு குடுத்திருக்காங்க, அதனால பம்ப் கிளிப்ப பாத்து கண்டுபிடிக்க முடியாது. கவுண்டர்ல "இது வீகனா, ஃபைனிங்ஸ் போட்டிருக்கா"ன்னு நேரா கேளுங்க. இப்ப நெறைய சின்ன ப்ரூவரிங்க இது இல்லாமலே செய்யுறாங்க, கொஞ்சம் கலங்கலா இருக்கும், ருசிக்குக் குறைச்சல் இல்ல. கவுண்டர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியலன்னா ப்ரூவரிக்கே மெயில் போட்டுக் கேளுங்க. நான் வெஜிடேரியன் நண்பர்களக் கூட்டிட்டுப் போனா மொதல்ல கேக்குற கேள்வி இதுதான்.

வீட்டுக்கு வாங்குறது

ப்ரூவரி கடையில பாட்டில் இருக்கும். லேபிள்ல "பாட்டில் கண்டிஷன்ட்"னு போட்டிருந்தா அதுலயும் ஈஸ்ட் உயிரோட இருக்கு, ஒரு நாள் நிமித்தி வச்சுட்டு மெதுவா சாச்சு ஊத்துங்க, அடி வண்டல விட்டுடுங்க. அப்படிப் போடலன்னா வடிகட்டினது, நல்லா இருக்கும், ஆனா பப்புல குடிச்சது மாதிரி இருக்காது. விசேஷத்துக்கு சின்ன பெட்டில அடைச்ச பீர் கெடைக்கும், அத கார்ல குலுங்கக் குலுங்கக் கொண்டு வந்த அன்னிக்கே தொறக்காதீங்க.

அளவும், திரும்பி வர்றதும்

இங்க ஆல்கஹால யூனிட்ல அளப்பாங்க, ஒரு யூனிட்னா 10 மில்லி சுத்தமான ஆல்கஹால். 3.5 சதவீத பீர் ஒரு பைன்ட்ல 2 யூனிட், 4.6னா 2.6 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல வேண்டாம்னு இங்க டாக்டருங்க சொல்ற அளவு, அதயும் ஒரே நாள்ல முடிக்கக் கூடாது. காஸ்க் ஏல்ல ஒரு நல்லது, 3.5லயே முழு ருசி இருக்கும், அதனால நாலு பேரு மூணு மணி நேரம் பேசிக்கிட்டு இருக்கலாம். நாலு பேரா போனா ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்குறது வழக்கம், குடிக்காதவரும் ஜூஸோட ரவுண்டுல சேந்துக்கலாம், ஆனா ரவுண்டு வேகத்துக்கு நீங்க குடிக்கணும்னு இல்ல, "எனக்கு இந்தத் தடவை பாதி"ன்னு சொன்னா போதும். சாப்பிட்டுட்டுப் போங்க, இல்ல அங்கயே சீஸும் ஊறுகாயும் ரொட்டியும் வச்சு ஒரு தட்டு குடுப்பாங்க, பிட்டருக்கு அது நல்லாப் பொருந்தும்.

வண்டி ஓட்டாதீங்க. இங்கிலாந்துல சட்ட அளவு ரத்தத்துல 100 மில்லிக்கு 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்துல 2014ல இருந்து 50தான், ஆனா எத்தன கிளாஸ்ல அந்த அளவு வரும்னு ஒவ்வொரு உடம்புக்கும் வேற, அந்தக் கணக்கே போட வேண்டாம். ஹுக் நார்ட்டன் போறதுன்னா லண்டன் மேரில்போன்ல இருந்து பான்பரிக்கு நேர் ரயில், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அங்க இருந்து சிப்பிங் நார்ட்டன் போற பஸ்ஸு கிராமத்து வழியா போகும். பஸ் அடிக்கடி கெடையாது. எறங்கும்போதே திரும்பி வர்ற கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு நிறுத்தத்துல இருக்கிற அட்டவணைய போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி அலாரமும் வச்சுடுங்க.